பேனலுக்கு மானியம் உண்டு, பேட்டரிக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. காற்று அன்றே ஓய்ந்துவிட்டது. கரண்ட் வர, உள்ளடங்கிய பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. முதல் நாள் யாரும் விளக்கைப் பற்றி நினைக்கவில்லை; பேச்செல்லாம் போன கூரையையும் விழுந்த தென்னையையும் பற்றித்தான். இரண்டாம் நாள் மேல்நிலைத் தொட்டி காலியானது. மூன்றாம் நாள் செல்போன்கள் அணைந்தன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘உயிரோடு இருக்கிறோம்’ என்று சொல்லக்கூட வழியில்லை. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர்கள், மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள்.

அந்த வாரம் நான் போன ஊர் ஒன்றில் பள்ளிக்கூட மாடியில் சோலார் பேனல்கள் இருந்தன. இரண்டு விரிசல் விட்டிருந்தன, மற்றவை அப்படியே இருந்தன. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே வகுப்பறைகளில் ஜனங்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றவில்லை. “பேனல்தான் நல்லாயிருக்கே, ஏன் சார் ஓட மாட்டேங்குது?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. பதில் எளிது, ஆனால் அவருக்கு அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார் அமைப்பு, கம்பியில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். கரண்ட் போன நொடியே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இது பழுதில்லை, பாதுகாப்பு. கீழே அறுந்த கம்பியைத் தொட்டு வேலை பார்க்கும் ஊழியரின் மேல் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது அல்லவா? கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால், கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

அரசுப் பணத்தின் குணமும் இங்கேதான் வெளிப்படுகிறது. தூய மின்சாரத்துக்குப் பணம் தருவது ஒரு துறை. பேரிடரைத் தாங்குவதற்குப் பணம் தருவது வேறு துறை. முதலாவது பேனலுக்குத் தரும், பேட்டரிக்குத் தராது. இரண்டாவதிடம் பேட்டரி கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும் என்று ஊராருக்குத் தோன்றுவதில்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் வேலை ஊரின் தலையில்தான் விழுகிறது. அந்தத் தையலைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

திட்டத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

மானியம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப ஊரின் தேவையைத் தீர்மானிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. தெருவிளக்குக்குப் பணம் வந்தால் தெருவிளக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மாலை உட்கார்ந்து, புயலுக்குப் பிந்தைய இரவில் உங்கள் ஊரில் எது எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள்.

கடலோர ஊர் ஒன்றின் பாதுகாப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி விளக்கு 20. இரவு 12 மணி நேரம் எரிந்தால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். 30 வாட் சிக்கன மின்விசிறி 10, அதே 12 மணி நேரத்துக்கு 3.6 யூனிட். பழைய 75 வாட் விசிறி என்றால் இதுவே 9 யூனிட் ஆகிவிடும். பேட்டரியின் விலையைக் கூட்டுவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. 100 செல்போனுக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்ற ஒன்றரை யூனிட். ஒலிபெருக்கி, ரேடியோ, இன்னபிறவற்றுக்கு அரை யூனிட். ஆக ஓர் இரவுக்கு 8 யூனிட்டுக்குள் அடங்கும். 15 யூனிட் லித்தியம் பேட்டரியை முழுவதும் வடிக்க முடியாது என்றாலும் 12 யூனிட்டாவது எடுக்கலாம். மேலே 5 கிலோவாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் 20 யூனிட் தரும். கருமேகத்தில் கால்வாசி என்று வையுங்கள், 5 யூனிட். இரண்டு இரவு ஓடிவிடும். அதற்குள் பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும்.

இந்தக் கணக்கில் தண்ணீர் மோட்டாரைச் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். 5 எச்பி மோட்டார் ஓடும்போதே ஏறக்குறைய 4 கிலோவாட் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு. அதற்கேற்ற பேட்டரி வாங்கினால் ஊர் கடனாளியாகும். மோட்டாருக்குத் தனியே பேனலும் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்துப் பகலில் நேரடியாக ஓட்டி, தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்வதே சரி. மேல்நிலைத் தொட்டியைவிட மலிவான பேட்டரி எந்த ஊரிலும் கிடையாது.

கையில் இந்த ஒரு பக்கக் கணக்கு இருந்தால் அலுவலகத்தில் பேச்சே மாறிவிடும். ‘சோலார் வேணும் சார்’ என்று போகிறவரும், ‘48 மணி நேரத்துக்கு 16 யூனிட் வேண்டும்’ என்று போகிறவரும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்கப்படுவதில்லை.

யார் பெயரில் கேட்கிறீர்கள்?

ஒவ்வொரு திட்டமும் முதலில் பார்ப்பது விண்ணப்பதாரர் யார் என்பதைத்தான். வீட்டுக்காரரா, விவசாயியா, ஊராட்சியா, குடியிருப்போர் சங்கமா? தவறான பெயரில் போட்ட மனு மாதக்கணக்கில் மேசை மேசையாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

வீட்டுக்காரர்களுக்கானது பிரதமர் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் மதிப்பில், ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து ஒப்புதல் பெற்றது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் அதே 78,000தான். உள்நாட்டில் தயாரான சூரிய மின்கலங்களைக் கொண்ட உள்நாட்டுப் பேனலாக இருக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனமே பொருத்த வேண்டும். பேட்டரி சேர்த்து வைத்துக்கொள்ளத் தடையில்லை, ஆனால் அதற்கு ஒரு ரூபாயும் வராது.

வீட்டுத் திட்டம்தானே, ஊருக்கு என்ன என்று தள்ளிவிடாதீர்கள். இதற்குள் ஊருக்கான கதவுகள் மூன்று ஒளிந்திருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் பெறலாம். வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை. லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் இதில் அடங்கும். இரண்டாவது, உள்ளாட்சி அமைப்புக்குத் தன் எல்லைக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 200 வீடு என்றால் 2 லட்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் பராமரிப்புக்கு ஒரு விதைப்பணம் வேண்டும் என்று பின்னால் சொல்லப்போகிறேன், அப்போது இது நினைவுக்கு வரட்டும்.

மூன்றாவது, மாதிரி சூரிய கிராமம். மாவட்டத்துக்கு ஒன்று. 5,000 பேருக்கு மேல் வசிக்கும் வருவாய்க் கிராமங்கள் போட்டியிடலாம். மாவட்ட அளவிலான குழு போட்டியாளர்களை அறிவித்த பிறகு 6 மாத அவகாசம். அது முடியும்போது எந்தக் கிராமத்தில் புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறன் அதிகமோ அதற்கு ஒரு கோடி ரூபாய். மொத்த ஒதுக்கீடு 800 கோடி. இதைப் பரிசுச் சீட்டாகப் பார்க்கிறவர்கள் தோற்பார்கள். 6 மாதத்தில் ஒரு ஊரே பேனல் போட வேண்டுமென்றால் கடன் முகாம், மின்வாரியத்தில் மீட்டர் கையிருப்பு, ஓட்டு வீட்டுக்கு என்ன செய்வது என்ற பதில், எல்லாம் அறிவிப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்காரர் ‘எனக்கு பில்லே வரலை, நான் ஏன் போடணும்’ என்பார். அவர் சொல்வது சரி. அவரை வற்புறுத்தாமல், இரண்டு மாதத்துக்கு 400, 500 யூனிட் ஓட்டுகிறவர்களின் பட்டியலை முதலில் எடுங்கள்.

இந்த மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சி அலுவலகம், பள்ளி, துணைச் சுகாதார நிலையம் எதற்கும் இது பொருந்தாது.

விவசாயிகளின் கதவு பிஎம் குசும். 2019இல் வந்தது, மூன்று பிரிவு. தனித்து இயங்கும் சோலார் பம்புக்கான ‘பி’ பிரிவைத்தான் எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு 30 விழுக்காடு, மாநில அரசு குறைந்தது 30, மிச்சம் விவசாயியுடையது. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். தனி விவசாயி மட்டுமின்றி நீர்ப் பயன்படுத்துவோர் சங்கமும் உழவர் உற்பத்தியாளர் அமைப்பும் கேட்கலாம். ஆனால் இது பாசனத்துக்கு. குடிநீர் மோட்டாரை இதில் நுழைக்கப் பார்க்க வேண்டாம். ஆய்வுக்கு வரும் பொறியாளர் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பார்.

‘ஏ’ பிரிவு அதிகம் பேசப்படாதது, ஊருக்கு வருமானம் தரக்கூடியது. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை தரையில் பேனல் வைத்து, துணைமின் நிலையத்துக்கு அனுப்பி, மின்வாரியத்துக்கு விற்பது. விவசாயி, விவசாயிகள் குழு, கூட்டுறவுச் சங்கம், உற்பத்தியாளர் அமைப்பு, ஊராட்சி யாரும் செய்யலாம். துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் தரிசு நிலம் இருந்தால் நல்லது. 25 ஆண்டு ஒப்பந்தம். இங்கே பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: யூனிட்டுக்கு 40 காசு ஊக்கத்தொகை என்று படித்துவிட்டு அது தங்களுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மின்சாரத்தை வாங்கும் நிறுவனத்துக்கு, அதுவும் 5 ஆண்டுக்கு, ஆண்டுக்கு மெகாவாட்டுக்கு 6.6 லட்சம் என்ற வரம்போடு. உங்களுக்குக் கிடைப்பது நிர்ணயித்த விலை மட்டுமே. மூலதன மானியம் கிடையாது, முழுக்கக் கடன். அந்தக் கடனுக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியை இணைத்துக்கொள்ளலாம் என்று 2024இல் வழி திறந்தார்கள்: 2 கோடி வரை, 7 ஆண்டுக்கு, வட்டியில் 3 விழுக்காடு தள்ளுபடி. மாநிலத்தில் கொள்முதல் அறிவிப்பு வந்திருக்கிறதா, விலை என்ன என்று தெரியாமல் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்காதீர்கள்.

மலையூர்களுக்கு வேறு கதவு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்கள் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ளன. 2023 நவம்பரில் தொடங்கிய பிஎம் ஜன்மன் திட்டத்தில், கம்பி போய்ச் சேர முடியாத இவர்களின் வீடுகளுக்குத் தனித்தியங்கும் சோலார் அமைப்புக்கு வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை, பல்நோக்கு மையத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு. இங்கே பேட்டரியும் சேர்ந்தே வருகிறது, கம்பியே இல்லாததால். இத்திட்டத்தில் எழுதித் தர வேண்டிய முக்கியமான காகிதம் ‘இந்தக் குடியிருப்பு மின்வசதியற்றது’ என்ற கணக்கெடுப்பு. அதில் விட்டுப்போன குடியிருப்பு எல்லாவற்றிலும் விட்டுப்போகும்.

சாண எரிவாயுவை ஒரு வரியில் முடிக்கிறேன்: தூய்மை பாரதம் ஊரக இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கோபர்தன் பணிகளுக்கு மாவட்டத்துக்கு 50 லட்சம் வரை இடமிருந்தது, மாடுகளை ஒரே இடத்தில் கட்டும் கோசாலையோ பால் சங்கமோ இல்லாத ஊர் அதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரிக்கான பணம்

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். பள்ளிக்கூடத்தின் பேட்டரியை யாரிடம் கேட்பது?

பேரிடருக்கு அரசு ஒதுக்கும் பணம் என்றால் நிவாரணம்தான் நினைவுக்கு வரும். 15ஆவது நிதி ஆணையம் அதில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தது. மாநிலப் பேரிடர் மேலாண்மைக்கான 1,60,153 கோடியில் 80 விழுக்காட்டை நிவாரணம் முதலானவற்றுக்கும், 20 விழுக்காட்டைப் பேரிடர் தணிப்புக்கும் பிரித்தது. தணிப்பு நிதி என்பது அடி விழும் முன் செலவழிப்பதற்கு. கடற்சுவர், வெள்ளக்கரை போன்ற பெரிய கட்டுமானங்களை இதில் செய்யக் கூடாது, அவற்றுக்குத் துறைகளின் வழக்கமான திட்டங்கள் இருக்கின்றன என்று வழிகாட்டுதலே சொல்கிறது. சிறிய, ஊர் மட்டத்திலான வேலைகளுக்கு முன்னுரிமை. பாதுகாப்பு மையத்தில் மின்தடையைத் தாங்கும் மின்சாரம் என்ற கோரிக்கை இதற்குப் பொருத்தமானது.

இதற்கு நேரடி விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்தான் வழி. ஆண்டுதோறும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாலுகா அலுவலகத்திலிருந்து ‘பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள்’ பட்டியல் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் ஊரின் பெயரும் மையத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பேட்டரிப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சேர்க்க வையுங்கள். பட்டியலில் இல்லாத ஊருக்குத் தணிப்பு நிதி வராது.

அது தாமதமானால் இன்னும் சில பைகள் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருடையது 3 கோடி. இரண்டுமே பொதுச் சொத்து உருவாக்கத்துக்கு. மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும் நமக்கு நாமே திட்டம் எனக்குப் பிடித்தமானது. காரணம், பணம் போட்ட ஊரில் பேட்டரி திருடு போவதில்லை. கனிமக் குவாரி பாதித்த பகுதி என்றால் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் எரிசக்திக்கும் ஒரு பங்குண்டு. பக்கத்தில் பெரிய தொழிற்சாலை இருந்தால், நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி அது சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவழித்தாக வேண்டியதாக இருக்கலாம். பேரிடர் மேலாண்மை அதற்கான இனங்களில் ஒன்று. உங்கள் சங்கத்தின் பெயரில் பணம் வாங்க சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். இல்லையென்றால் நிறுவனமே பொருளை வாங்கிப் பொருத்தித் தரட்டும்.

குடிநீர் மோட்டாருக்கு ஊராட்சிக்கு வரும் நிதி ஆணைய மானியம் இருக்கிறது. 2021-26 காலத்தில் அதில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கு. மோட்டாரைச் சோலாருக்கு மாற்றுவதைக் குடிநீர்ப் பணியாகவே எழுத வேண்டும், எரிசக்திப் பணியாக அல்ல. ஒரே வேலை, தலைப்பு மாறினால் கோப்பு திரும்பிவிடும். 2026 ஏப்ரலுக்குப் பிறகு வரும் தொகைக்கு 16ஆவது நிதி ஆணையத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்மானமும் காகிதமும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் முதல் தேதி புயல் நினைவு எல்லோருக்கும் இருக்கும். தீர்மானம் எளிதில் நிறைவேறும். ஆனால் வரும் ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற அக்டோபர் 2 கூட்டமே உகந்தது.

நான் பார்த்த தீர்மானங்களில் பாதிக்கு மேல் இப்படி இருக்கும்: ‘நமது ஊராட்சியில் சூரிய ஒளி மின்வசதி ஏற்படுத்த ஆவன செய்யுமாறு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ இதை வைத்து எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘தெற்குத் தெரு நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தைப் பேரிடர்க் காலத் தங்குமிடமாகப் பயன்படுத்துவதால், மின்தடையின்போது 48 மணி நேரத்துக்கு விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜ் வசதி இயங்கும் வகையில், 5 கிலோவாட் ஹைபிரிட் சூரிய மின் அமைப்பும் 15 யூனிட் திறனுள்ள லித்தியம் பேட்டரியும் அமைக்கவும், இதனை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கவும், பராமரிப்புப் பொறுப்பைத் தெற்குத் தெரு மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.’

இடம், திறன், காரணம், பொறுப்பாளர் நான்கும் வந்துவிட்டன. ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கும் காலமானால், தீர்மான நகலோடு ஊராட்சிச் செயலரை அழைத்துக்கொண்டு பிடிஓவையே பாருங்கள்.

பணம் பெரும்பாலும் பின்னால்தான் வரும். சூரிய வீடு திட்டத்தில் பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சங்கங்கள் இதில்தான் மூச்சுத் திணறுகின்றன. இடைக்காலப் பணம் எங்கிருந்து என்று ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். ‘மானியம் வந்ததும் கொடுங்க’ என்று சொல்லும் கடைக்காரர், அந்தக் காத்திருப்பையும் கொட்டேஷனில் சேர்த்துத்தான் இருப்பார். கொட்டேஷன் பழையதாக இருந்தால் வரியைப் பாருங்கள்: சோலார் பொருள்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

ஓடந்துறை செய்தது

இந்த நூலைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006இல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊரின் தேவை 4.5 லட்சம்தான், மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை. மேடைகளில் இதுவரைதான் சொல்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒன்றரைக் கோடி வந்த விதம். அரசு மானியம் இல்லை. 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்றாலை வருமானத்திலிருந்து கடனை அடைத்தார்கள். காற்றாலைக்கு முன்பே குடிநீர் இறைக்க உயிர்த்திரள் வாயுவாக்கி, தெருவுக்குச் சோலார் விளக்கு என்று மின்கட்டணத்தைக் குறைத்துப் பார்த்த பழக்கம் அந்த ஊராட்சிக்கு இருந்தது. கணக்குப் பழகிய ஊருக்குத்தான் வங்கி கடன் கொடுத்தது. அவர்கள் காற்றாலையை ஊரில் வைக்கவில்லை என்பதையும் பாருங்கள். காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே, உடுமலைப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர்ப் பெருமைக்காகச் சந்தை மைதானத்தில் நட்டிருந்தால் இன்று அது கொடிக்கம்பமாகியிருக்கும்.

மூன்றாம் ஆண்டு

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். அது உற்பத்தித் திறனுக்கான உத்தரவாதம். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது. பேட்டரி அதற்கும் முன்னால் போகும். கடலோரத்தில் உப்புக்காற்று பிடித்துத் தாங்கிகளின் போல்ட் நட் மூன்றாம் ஆண்டே துருவேறும். மானியத் திட்டங்களில் பொருத்திய நிறுவனம் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘அழைத்தால் எத்தனை நாளுக்குள் வர வேண்டும்’ என்ற வரி பெரும்பாலும் இருக்காது. எழுதி வாங்குங்கள். தாங்கி உங்கள் பகுதியின் காற்று வேகத்தைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் சான்றும் வாங்குங்கள். கழற்றிய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு, 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளருக்கு உண்டு. அதை எடைக்கடையில் போடாதீர்கள்.

பராமரிப்புக்குப் பணம்? மின்கட்டணம் மிச்சமாகிறதே, அதிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். ஊராட்சியில் மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் கணக்கு எண் 2இலிருந்து போகின்றன. மிச்சமும் அங்கேயே தங்கும். வேறு செலவுக்கு எடுக்க மேலிட அனுமதி வேண்டும். பேனல் துடைக்க வருபவருக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கக்கூட அந்தப் பணத்தைத் தொட முடியாமல் தவித்த ஊராட்சியை எனக்குத் தெரியும். ஆகவே தொடக்கத்திலேயே, குழுவின் பெயரில் இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் தனி வங்கிக் கணக்கு. அதற்கு முதல் தொகை, முன்னே சொன்ன வீட்டுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகையாகவோ சிஎஸ்ஆர் பங்காகவோ இருக்கட்டும். சாதாரண நாள்களில் மையத்தை நிச்சயதார்த்தத்துக்கும் டியூஷனுக்கும் விட்டு, மின்சாரத்துக்குச் சிறு கட்டணம் வாங்குவதில் தப்பில்லை. அடிக்கடி ஓடும் பேட்டரிதான் பழுதானால் உடனே தெரியவரும்.

ஒப்படைக்கும் நாள்

நிறுவனத்துக்காரர் படம் எடுக்க ஆள் கூட்டி வருவார். மாலை, சால்வை, இனிப்பு. அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பணி நிறைவுச் சான்றில் ஊர்ப் பிரதிநிதி கையெழுத்துப் போட வேண்டிய நேரம். பேனாவைத் திறக்கும் முன் கட்டடத்தின் மெயின் சுவிட்சை நீங்களே போய் அணையுங்கள். பக்கத்தில் இருப்பவர் பதறுவார், பதறட்டும். 20 விளக்கும் 10 விசிறியும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் சாயங்காலம் 6 மணிக்கு வெளிச்சம் போன பிறகு மீண்டும் அணைத்து, மறுநாள் காலை வரை அப்படியே விட்டுவிடுங்கள். விடியும்போதும் விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் கையெழுத்துப் போடலாம்.